மழை பார்த்துப் புறப்படுவோம்

“இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு ஊர் சுற்றுவது ஒரு கேடா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்பதற்கு முன்னரே அந்தக் கேள்வியை நாங்களே எங்களிடம் கேட்டுக்கொண்டோம். கையில் இருக்கும் காசு வாடகைக்கும் அரிசிக்கும் போதாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு வேறு. விட்டுவந்த காணியின் நினைவு நெஞ்சில் பாரமாகக் கிடக்கிறது. இந்த நிலையில் கடற்கரைக்கும் பூங்காவுக்கும் போவது வீண் ஆடம்பரம் என்றே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் பிழை என்று எங்களுக்குக் கற்பித்தவர் எங்கள் ஐயா. ஊரில் ஐம்பது ஆண்டு தோட்டம் செய்தவர். கொழும்பில் ஒரு செடிகூட நட இடமில்லாமல் இருந்தவர்.

காரணம் எதுவாக இருந்தாலும், சொந்த மண்ணை விட்டு மழை கூடிய புதிய பிரதேசத்துக்கு வந்திருக்கும் கமக்காரக் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவம் உதவலாம். அதனாலேயே இதை எழுதுகிறோம்.

ஓர் அறையில் ஐந்து பேர்

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. செம்மண் தோட்டம். வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பயிர் நிலத்தில் நிற்கும். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினோம். அதன்பின் ஐந்து ஆண்டுகள் உறவினர் ஒருவரின் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தபோது அந்தக் கொட்டிலும் கைவிட்டுப் போயிற்று. தென்மராட்சி, கிளாலி, வன்னி, வவுனியா என்று அலைந்து, 1996 மாசியில் கொழும்பு வந்து சேர்ந்தோம்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் ஓர் அறை கிடைத்தது. நாங்கள் இருவர், எட்டு வயது மகன், ஐந்து வயது மகள், ஐயா. சமையல் அடுப்பும் அதே அறைக்குள்தான்.

அந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிசில் பதிய வேண்டும். பதிவுத் துண்டும் அடையாள அட்டையும் இல்லாமல் கடைக்குப் போகவும் பயம். மத்திய வங்கியில் குண்டு வெடித்து (1996 தை 31) சில வாரங்களே ஆகியிருந்தன. அதே ஆண்டு ஆடி மாதம் தெகிவளையில் புகையிரதத்தில் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். எங்களைக் கண்டு நகரத்துக்குப் பயம். நகரத்தைக் கண்டு எங்களுக்குப் பயம். எனவே வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவதைத் தவிர, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம்.

பிள்ளைகள் சின்னச் சின்ன விஷயங்களுக்கும் சண்டை பிடித்தார்கள். நாங்களும் பிடித்தோம். ஐயா பேச்சையே குறைத்துக்கொண்டார். விடிய நாலு மணிக்கு எழும்பும் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. எழும்பி என்ன செய்வது? இறைப்பு இல்லை, மாடு இல்லை. சன்னலடியில் கதிரையைப் போட்டு வானத்தைப் பார்த்தபடி இருப்பார். “ஐயாவுக்கு யோசனை கூடிப்போச்சுது” என்று நாங்கள் இரகசியமாகக் கதைத்துக்கொள்வோம்.

முதற் பயணம் பிழைத்தது

அந்த ஆண்டு ஐப்பசியில், சின்னவள் “ஓடி விளையாட இடம் வேணும்” என்று அழத் தொடங்கினாள். பஸ்ஸில் போகும்போது காலிமுகத்திடலின் புற்றரையைக் கண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, இருந்ததில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு எல்லோரும் புறப்பட்டோம். ஐயா வர மறுத்துவிட்டார்.

கடலைப் பார்த்தோம். வானம் வெளித்துக் கிடந்தது. பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். அரை மணி நேரம் ஆகவில்லை. முதுகுப் பக்கம், நகரத்தின் மேலாக, கறுத்துக்கொண்டு வந்த மழை இடி முழக்கத்தோடு கொட்டித் தீர்த்தது. ஒதுங்க ஒரு கூரையும் கிட்டத்தில் இல்லை. முழுக்க நனைந்து, முச்சக்கர வண்டிக்காரர் கேட்ட காசைக் கொடுத்து வீடு வந்தோம். சின்னவளுக்கு நாலு நாள் காய்ச்சல். மருந்துச் செலவு வேறு. “இந்தக் காசுக்கு ஒரு கிழமை மீன் வாங்கியிருக்கலாம்” என்று தொடங்கிய பேச்சு பெரிய சண்டையாகி, “இனி ஒருவரும் வெளிக்கிட வேண்டாம்” என்பதில் முடிந்தது.

அப்போதுதான் ஐயா வாய் திறந்தார்.

“மத்தியானம் கழியப் போனால் நனையாமல் என்ன செய்யும்? இது ஐப்பசி. காலமை வெள்ளெனப் போயிட்டு, பன்னிரண்டு மணிக்கு முதல் வீட்டை வந்திருக்க வேணும்.”

“அது உங்களுக்கு எப்பிடித் தெரியும் ஐயா?”

ஐயா எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கடையில் சும்மா கொடுத்த நாட்காட்டி. ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். மேலே கோடு என்றால் காலை மழை, நடுவில் என்றால் மத்தியானம், கீழே என்றால் பின்னேரம், வளைத்துப் போட்டிருந்தால் இரவு. பங்குனியிலிருந்து எட்டு மாதமும் ஒரு நாள் தவறாமல் குறித்திருந்தார். நாங்கள் யோசனை கூடிப்போச்சுது என்று எண்ணிய நேரமெல்லாம், மனிதர் புதிய ஊரின் மழையைப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“ஊரிலை மழைக்குக் காத்திருந்தம். இஞ்சை மழை எந்த நேரமும் வாசலிலை நிக்குது. ஆனால் அதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்குப் பிள்ளை” என்றார்.

மழைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு

ஐயா குறித்து வைத்தவற்றையும், பின்னர் நாங்கள் கேட்டும் வாசித்தும் அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம். பயணத்துக்கு நாள் பார்க்க இது போதும்.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையில் வந்துவிடும். கொழும்பில் ஏறத்தாழ இரு மடங்கு மழை. அதுவும் ஒரு பருவத்தில் மட்டும் வருவதில்லை. சித்திரை, வைகாசியை ஒட்டி ஒரு உச்சம். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு உச்சம்.

சோளகக் காற்றை நம் எல்லோருக்கும் தெரியும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரையில் தென்மேற்கிலிருந்து வீசும். எங்கள் ஊரில் சோளகம் என்றால் வரட்சி, புழுதி, கிணற்று நீர் கீழே இறங்கும் காலம். அதே காற்றுத்தான் கொழும்புக்கு மழையைக் கொண்டுவருகிறது. கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று தென்மேற்குக் கரையிலும் மலைச் சரிவிலும் அதைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் வருகிறது. “இவ்வளவு காலமும் எங்களுக்கு வராத மழை இஞ்சைதான் நிண்டிருக்குது” என்று ஐயா இதைக் கேட்டுச் சிரித்தார். கொழும்புக்கு வந்தபின் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

பயணத்துக்கு ஏற்றபடி ஆண்டை நான்காகப் பிரிக்கலாம்.

தை, மாசி: கொழும்பில் மழை குறைந்த காலம். தூரப் பயணங்களை இந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

பங்குனி, சித்திரை: காலையில் வெயில் எறிக்கும். நிலம் சூடேற, கடற்காற்று ஈரத்தை உள்ளே கொண்டுவர, மத்தியானத்துக்குப் பிறகு முகில் திரண்டு இடியோடு பெய்யும். விடியப் புறப்பட்டு மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும்.

வைகாசி முதல் புரட்டாதி வரை: இந்த மழைக்கு நேரம் கிடையாது. விட்டு விட்டுப் பெய்யும், இரவிலும் பெய்யும். கடல் கொந்தளிக்கும். இந்தக் காலத்தில் மேற்குக் கரையில் பிள்ளைகளைக் கடலில் இறக்கவே கூடாது. கூரையுள்ள இடங்களுக்குப் போகலாம்.

ஐப்பசி, கார்த்திகை: மறுபடியும் பின்னேர மழை, இடி, மின்னல். காலைப் பயணம் மட்டும்.

இன்னொன்று: கரையில் நின்று கடலை மட்டும் பார்த்து மழையைத் தீர்மானிக்கக் கூடாது. பின்னேர இடிமழை பெரும்பாலும் தரைப் பக்கமாகக் கிழக்கில் கறுக்கும். எங்களை நனைத்த மழையும் அப்படி வந்ததுதான். இடி முழக்கம் கேட்டால் வெட்டவெளி, கடற்கரை, தனிமரத்தடி மூன்றையும் விட்டு உடனே கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும்.

புல்லும் பட்டமும்

அடுத்த மாதம், ஐயா சொன்ன ஒரு காலையில், அதே காலிமுகத்திடலுக்குப் போனோம். ஏழு மணிக்கு அங்கே நின்றோம். இந்த முறை ஐயாவும் வந்தார். “நான் பாத்துச் சொன்ன நாள், நான் வராமல் இருக்கலாமே?” என்றார்.

இந்தத் திடலை அமைப்பித்தவர் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட். 1859இல் வேலை முடிந்தபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காகத் தமக்குப் பின் வருவோர் இதைப் பேண வேண்டும் என்று கல்லில் பொறித்து வைத்தார். அந்தக் கல்லை இன்றும் காணலாம். பிறந்த ஊர் எது என்று அதில் கேட்கப்படவில்லை. அங்கே ஓட எங்கள் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டோம்.

பட்டம் ஏற்ற ஆசையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ஊரில் தைப்பொங்கலை ஒட்டி வாடைக் காற்றில் பட்டம் விடுவோம். காலிமுகத்தில் ஆடி, ஆவணிச் சோளகத்தில்தான் வானம் முழுவதும் பட்டம் நிற்கும். விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. ஈர்க்கும் பழைய கடதாசியும் கொண்டு ஐயா கட்டிக் கொடுத்த பட்டத்தைச் சுற்றி, சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். பாஷை தெரியாமலே அவர் அவர்களுக்கு முச்சை கட்டக் காட்டிக்கொடுத்தார்.

முதன்முதல் றெயில்

1997 தையில் எங்கள் இரண்டாவது பெரிய பயணம். எங்கள் மகனுக்கு எட்டு வயது கடந்தும் அதுவரை புகையிரதம் ஏறிய நினைவு இல்லை. யாழ்ப்பாணத்துக்கான சேவை 1990 ஆனியில் நின்றது. (அது மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியது 2014 ஐப்பசியில்தான்.) ஊரில் அவன் கண்டதெல்லாம் தண்டவாளம் இல்லாத பாதையைத்தான். வெள்ளவத்தையில் ஒவ்வொரு நாளும் ஒழுங்கை முடிவில் றெயில் போகும் சத்தம் கேட்டும், தெகிவளைக் குண்டுக்குப் பிறகு ஏற்றிச் செல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை.

அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்லமாட்டோம். உண்மையான பயம்தான். ஆனாலும் பிள்ளைகள் பயத்தை மட்டும் படித்து வளரக் கூடாது என்று ஒரு ஞாயிறு காலை வெள்ளவத்தையில் ஏறினோம். தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை என்று போய், பாணந்துறைக்குச் சற்று முன்னர் ஆற்றுப் பாலத்தில் வண்டி கடகடவென்று ஓடும்போது மகன் எழும்பி நின்று கை தட்டினான். எதிரில் இருந்த ஒரு சிங்கள அம்மா தன் பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கும் நீட்டினார். நாங்கள் கொண்டுபோன பருத்தித்துறை வடையில் இரண்டை அவருக்குக் கொடுத்தோம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிரவு அறைக்குள் சண்டை இல்லை.

கரையோரப் புகையிரதம் ஏழைக் குடும்பத்துக்கு ஏற்ற பயணம். மூன்றாம் வகுப்புக் கட்டணம் பஸ்ஸிலும் குறைவு. சிறுவருக்கு அரைக் கட்டணம். கூரை இருப்பதால் மழைநாளுக்கும் ஏற்றது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரையும் அதற்கப்பாலும் கடல் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வரும். வேலை நாட்களில் காலையிலும் பின்னேரத்திலும் நெரிசல் கூடும். ஞாயிறு காலையே நல்லது.

கறுவாத்தோட்டத்தில் ஒரு தமிழ்க் கல்

ஊர்ப் பெயர்களைக் கவனித்தவர் ஐயாதான். சிங்களத்தில் ‘வெல்ல’ என்றால் கரை மணல், ‘வத்த’ என்றால் தோட்டம் என்று பக்கத்து அறைக்காரர் சொன்னதும், “அப்ப வெள்ளவத்தையும் தோட்டம்தான்” என்றார். கொழும்பின் ஏழாம் வட்டாரத்துக்குக் கறுவாத்தோட்டம் என்றே பெயர். ஒல்லாந்தர் காலத்தில் அங்கே கறுவாப்பட்டைக்காகத் தோட்டம் செய்தார்கள். கொட்டாஞ்சேனை என்ற பெயரிலும் ஒரு சேனை இருக்கிறது. “எல்லாம் தோட்டக்காரர் இருந்த இடம். நாங்கள் புது ஆக்கள் இல்லை” என்பது அவருடைய முடிவு.

அந்தக் கறுவாத்தோட்டத்தில் விகாரமாதேவி பூங்கா இருக்கிறது. உள்ளே போகக் காசில்லை. பெரிய நிழல் மரங்கள், பிள்ளைகள் ஓட இடம். பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம். சற்று நடந்தால் தேசிய நூதனசாலை. 1877இல் திறக்கப்பட்டது. உள்நாட்டவருக்குச் சிறு கட்டணம்தான்.

நூதனசாலைக்குள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டிய ஒரு கல் உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. தமிழ்ப் பகுதி தென்முனையில் இருந்த தேவேந்திரமுனைக் கோவில் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. பஸ்ஸில் தமிழ் கதைக்கவே குரலைத் தாழ்த்திய காலம் அது. அறுநூறு ஆண்டுக்குக் கிட்டிய அந்த எழுத்தின் முன் மகன் நின்று, எழுத்துக் கூட்டிப் பார்க்க முயன்றான். அவனால் வாசிக்க முடியவில்லை. ஆனாலும் வெளியே வந்தபின் சத்தமாகவே தமிழில் கதைத்துக்கொண்டு வந்தான். நாங்கள் அவனைத் தடுக்கவில்லை.

நாள் முழுவதும் மழை பெய்தால் வெள்ளவத்தைக்காரருக்கு இன்னொரு புகலிடம் 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கிய சங்கம் அது. அங்குள்ள நூலகத்தில் குடையை மடக்கி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் இருந்தால், மழையும் விடும், மனமும் வெளிக்கும்.

கொட்டாஞ்சேனையும் ஆறும்

1998இல் வாடகை கட்டுப்படியாகாமல் கொட்டாஞ்சேனைக்கு மாறினோம். இங்கே கால்நடையாகவே ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம். பெரிய கவிகை மாடத்தோடு நிற்கும் புனித லூசியாள் பேராலயம், முழுவதும் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில், ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயம், கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எல்லாம் நடை தூரத்திலேயே உள்ளன. கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் கூடுவார்கள். 2019 சித்திரை 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று அங்கே குண்டு வெடித்துப் பலர் உயிரிழந்தனர். இன்று அங்கே போகிறவர்கள் அவர்களையும் நினைத்து ஒரு நிமிடம் நிற்பது நல்லது. ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் தேரைப் பார்க்கவும் காசு வேண்டியதில்லை.

வைகாசியில் வெசாக் வரும். மழை தூறும், ஆனாலும் குடையோடு போகலாம். தெருவெங்கும் வெளிச்சக் கூடுகள், தோரணங்கள். வழியில் ‘தன்சல்’ போட்டு, வருவோர் போவோர் எல்லோருக்கும் சோறும் தண்ணீரும் கொடுப்பார்கள். முதல் முறை ஐயா அங்கே நிற்க மறுத்தார். “உழைச்சுச் சாப்பிட்ட கை இது. வரிசையிலை நிண்டு வாங்கிறதே?” என்றார். அகதி முகாமில் கோப்பை ஏந்தி நின்ற நினைவு அவருக்கு. உணவு பரிமாறிய முதியவர் ஒருவர் அவர் தயங்கி நிற்பதைக் கண்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து ஐயா முன்னால் தலை தாழ்த்தி நீட்டினார். ஐயா வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்தபின், “எங்கடை கோயில் அன்னதானம் மாதிரித்தான். குடுக்கிறவனுக்குத்தான் புண்ணியம் எண்டு அந்த மனிசனுக்குத் தெரியுது” என்றார்.

ஆனால் எங்கள் பயணங்களில் பெரியது, தூரத்தில் மிகக் கிட்டியது. கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளிப் பக்கம் போனால் களனி ஆறு கடலில் விழும் முகத்துவாரம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றைத்தான் எங்களுக்குத் தெரியும். சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனியைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். மேலே மலையில் பெய்த மழையால் தண்ணீர் செம்மண் நிறமாக வந்துகொண்டிருந்தது.

ஐயா கரையில் குந்தியிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, உள்ளங்கையில் தங்கிய வண்டலை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“எவ்வளவு தண்ணி! எவ்வளவு மண்! எல்லாம் கடலுக்குப் போகுது” என்றார். பிறகு கதைக்கத் தொடங்கினார். துலா மிதித்த காலம், முறை வைத்து இறைத்த கிணறு, ஒரு வாய்க்காலில் தண்ணீர் உடைத்ததற்காக அண்ணன் தம்பி ஆறு மாதம் பேசாமல் இருந்தது, மாட்டெருவும் குழைத்தாழ்வும் போட்டுச் செம்மண்ணைப் பேணியது என்று வீடு வரும்வரை கதைத்தார். ஊரை விட்டு எட்டு ஆண்டுகளில் அவர் தோட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னது அதுவே முதல் தடவை. காணியைப் பற்றிப் பேசினால் அழுகை வரும் என்று அவர் அடக்கி வைத்திருந்திருக்கிறார். ஆற்றங்கரையில் அது தானாக வெளியே வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர் இன்று தெரியும் என்றால், அந்த ஒரு காலைதான் காரணம்.

முகத்துவாரத்துக்குக் கிட்டக் காக்கைதீவில் பின்னாளில் கடற்கரைப் பூங்கா ஒன்றும் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆறு கடலோடு சேரும் இடத்தில் நீரோட்டம் கடுமை. பார்க்கலாம், இறங்கக் கூடாது.

வயலாக இருந்த சதுப்பு

அண்மைக் காலத்தில் குடும்பங்கள் போகக்கூடிய இன்னொரு இடம் கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா. மரப்பலகைப் பாதையில் நடந்து நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம். கட்டணம் சிறிது. கொழும்பைச் சுற்றிய சதுப்பு நிலங்களில் பல, ஒருகாலத்தில் வயல்களாக இருந்தவை. செய்கை கைவிடப்பட்டபின் சதுப்பாக மாறின. இன்று அவை பெருமழை நீரைத் தாங்கி வைத்து, நகருக்குள் வெள்ளம் ஏறுவதைக் குறைக்கின்றன. 2018இல் கொழும்பு உலகின் ஈரநில நகரங்களில் ஒன்றாக ராம்சார் அமைப்பினால் ஏற்கப்பட்டது. குளமும் வாய்க்காலும் தெரிந்த நமக்கு இதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேறு ஆசிரியர் தேவையில்லை.

கணக்கும் கவனமும்

எங்கள் வீட்டில் ஒரு பால்மாப் பேணி இருந்தது. சனிக்கிழமைகளில் மிஞ்சிய சில்லறை அதற்குள் போகும். மாதம் ஒரு பயணம். பேணியில் உள்ள காசுக்கு எட்டிய தூரம்தான் போவோம், கடன்பட்டுப் போனதில்லை. மற்ற விதிகள் இவை:

சாப்பாடு வீட்டிலிருந்து போக வேண்டும். புட்டும் சம்பலும், பாணும் வாழைப்பழமும், ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணீர். வெளியே வாங்குவது ஒரே ஒரு பொருள்: ஒரு சுருள் கச்சான், அல்லது காலிமுகத்தில் ஓர் இறால் வடை. எல்லோரும் பங்கிட வேண்டும்.

ஐந்து பேருக்கு ஐந்து குடை வாங்க முடியாது. உரப்பையைக் கழுவிக் காயவைத்து, ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துத் தலையில் போட்டால் மழைக்கவசம். ஊரில் மாரியில் வயலுக்குப் போனது அப்படித்தானே? மாற்றுடுப்பும் துவாயும் பொலித்தீன் பைக்குள் இருக்கட்டும். வீடு வந்ததும் பிள்ளைகளின் தலையை முதலில் துவட்ட வேண்டும்.

மழைக்காலத்தையொட்டி டெங்கு கூடும். அந்த நுளம்பு பகலில் கடிப்பது. எனவே பூங்காவுக்குப் போகும்போது கை கால் மூடிய உடுப்பு நல்லது. காலில் புண்ணோடு வெள்ளத்திலோ சேற்றிலோ நடக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும். வயலில் இறங்கியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நகரத்து வெள்ளத்திலும் அதே ஆபத்து உண்டு என்பதை மறக்கக் கூடாது.

பஸ் இலக்கங்களைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுங்கள். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் 102, மட்டக்குளிக்கு 155. வழி தவறினால் சொல்ல, வீட்டு விலாசத்தைச் சிங்களத்திலும் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உள்ள முதியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். “அவைக்கு நடக்க ஏலாது” என்று நாங்களும் சொன்னவர்கள்தான். நடக்க இயலாவிட்டால் கிட்டிய இடத்துக்குப் போவோம். நாள் குறிக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுப்போம். காணி போனாலும் காற்றையும் முகிலையும் பார்க்கும் அறிவு அவர்களை விட்டுப் போகவில்லை. அதைக் கேட்பதற்கு ஆள் இல்லாததுதான் அவர்களை வாட்டுகிறது.

நாட்காட்டி

2002இல் ஏ-9 பாதை திறந்தபோது ஐயா ஊருக்குப் போனார். எங்கள் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. முட்கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு மார்கழியில், கொட்டாஞ்சேனை வீட்டில் காலமானார். வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டு வருகின்றன. எங்களுடையதில் ஒரு பகுதி கிடைத்தது; இன்னும் கிடைக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஐயாவின் எட்டு நாட்காட்டிகளும் எங்களிடம் இருக்கின்றன. எங்கள் மகன் இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைக் கூட்டிக்கொண்டு புறப்படும்போது, வாசலில் நின்று ஒரு முறை கிழக்குப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவான். யார் பழக்கினார்கள் என்று அவனுக்கே நினைவிருக்குமோ தெரியாது.

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களே, உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு நாட்காட்டி தொங்கும். இன்றைக்கு எப்போது மழை பெய்தது என்று அதில் ஒரு கோடு போடுங்கள். வருகிற ஞாயிறு விடிய, வானம் வெளித்திருந்தால், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முடிவு வரையிலாவது நடந்து பாருங்கள். மத்தியானத்துக்கு முன்னர் வீடு திரும்பிவிடுங்கள்.